கதி: குதிரைக்கும் அகதிக்கும் நடுவில் ஒரு சொல்

1

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்து முகாமில் ஒரு சாயந்தரம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிற நண்பரோடு நானும் போயிருந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இயற்பியல் வகுப்பில் என்ன வேலை? சும்மா உட்கார்ந்திருந்தேன். நண்பர் பலகையில் 'வேகம்', 'திசைவேகம்' என்று இரண்டு சொற்களை எழுதி வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், 1990-ல் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்தவர், அங்கே வாத்தியாராக இருந்தவர், மெல்லக் குறுக்கிட்டார்: "எங்கட புத்தகத்தில உங்கட வேகத்துக்கு 'கதி' எண்டுதான் போட்டிருக்கும். நீங்கள் திசைவேகம் எண்டு சொல்லுறதுதான் எங்களுக்கு வேகம்."

அதே நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிழவி பேத்தியைக் கூப்பிடுகிறார்: "கெதியா வா பிள்ளை!" சீக்கிரம் வா என்று அர்த்தம். நண்பர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நம்ம ஊர்ல 'என் கெதியப் பாரு'ன்னு அழுதாத்தான் கெதி. இவங்களுக்கு அது ஓட்டமா இருக்கு பாத்தியா?"

அன்றைக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. கடலுக்கு அந்தப் பக்கம் 'விரைவு' என்று பொருள்படுகிற ஒரு சொல், இந்தப் பக்கம் வந்ததும் எப்படித் 'தலைவிதி' ஆகிறது? அந்தச் சொல்லின் முன்னால் ஓர் 'அ' சேர்ந்து அந்தப் பெரியவரின் முப்பது வருஷத்துப் பெயராகவே ஆகிவிட்டதே, அது எப்படி? இது வெறும் வட்டார வழக்கு வேறுபாடு இல்லை என்று எனக்குப் பட்டது. ஒரு சொல்லுக்குள் யார் ஓடலாம், யாரை ஓட்டலாம், யார் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதன் வரலாறு படிந்து கிடக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு பகுதி இந்தத் திண்டுக்கல் மண்ணிலேயே நடந்திருக்கிறது.

2

கதி என்பது 'போதல்' என்று பொருள்தரும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல். தமிழ் அகராதிகளைப் புரட்டினால் நடை, ஓட்டம், வழி, நிலை, பிறப்பு, வீடுபேறு, புகலிடம் என்று வரிசையாகப் பொருள் சொல்கின்றன. இவற்றில் மிகத் துல்லியமானது குதிரையைப் பற்றியது. குதிரையின் நடை ஐந்து. அதற்கு 'ஐங்கதி' என்று பெயர். விக்கிதம், வற்கிதம், உபகண்டம் என்று தொடங்கி மேலும் மேலும் விரையும் ஒரு பட்டியல் உண்டு. மல்லகதி, மயூரகதி, வானரகதி என்று மல்லனையும் மயிலையும் குரங்கையும் உவமையாக்கும் இன்னொரு பட்டியலும் உண்டு. இசைக்காரர்களும் தங்கள் தாளத்துக்கு ஐந்து கதி சொல்கிறார்கள்: சதுச்ரம், திச்ரம், மிச்ரம், கண்டம், சங்கீர்ணம். அங்கே கதியும் நடையும் ஒரே பொருள்.

இவ்வளவு நுணுக்கமாகக் குதிரை நடையைப் பெயரிட்டவர்கள் யார்? இந்தச் சமவெளியில் புழுதிக் காட்டில் கொள்ளு விதைத்தவர்கள் இல்லை. தமிழ்நாடு குதிரை வளர்ப்புக்கு ஏற்ற நாடும் இல்லை. குதிரைகள் அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கின. 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டி நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, வருஷந்தோறும் ஏராளமான குதிரைகள் வாங்கப்படுவதையும், சரியான தீனியும் பராமரிப்பும் இல்லாமல் அவை செத்துப்போவதையும் வியந்து சொல்கிறார். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டிகள்' வருகிறார்கள். ஆக, குதிரை என்பது அரசப் பண்டாரத்தின் பணம். அதன் கதியை எண்ணிப் பெயர் வைப்பது அந்தப் பணத்தைத் தரம் பார்ப்பது. நிகண்டுக்காரர் எழுதி வைத்த ஐங்கதி, ஒரு வகையில் கொள்முதல் அதிகாரியின் சொல்லாடல்தான்.

இதே சொல்லை எதிர்ப்பக்கம் இழுத்தவர்கள் சமயவாதிகள். பழனிக்கு மேற்கே இருக்கும் ஐவர்மலையில் 9-ஆம் நூற்றாண்டில், வரகுண பாண்டியன் காலத்தில், சமணர்கள் வாழ்ந்ததற்குக் கல்வெட்டும் சிற்பங்களும் சாட்சி. சமணத்தில் உயிர்கள் சுழலும் பிறவி நிலைகள் 'நாற்கதி': தேவர், மக்கள், விலங்கு, நரகர். இங்கே கதி ஓட்டம்தான். ஆனால் ஓடுவது குதிரை அல்ல, உயிர். ஓட்டுவது கடிவாளம் அல்ல, வினை. சைவமும் வைணவமும் 'நற்கதி' என்றும் 'நீயே கதி' என்றும் அதை ஓட்டத்தின் முடிவாக, தங்குமிடமாக, புகலாக மாற்றின.

இரண்டு கதியும் மோதிக்கொள்ளும் கதை நமக்குத் தெரிந்ததுதான். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டுவிடுகிறார். குதிரை எங்கே என்று அரசன் கேட்கிறான். சிவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ராத்திரியில் அவை மறுபடி நரிகளாகின்றன. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றைக்கும் அந்த லீலையை நடத்துகிறார்கள். அரசனுக்கு வேண்டிய கதி லாயத்தில். அமைச்சருக்கு வேண்டிய கதி திருவடியில். இதை வெறும் பக்திக் கதையாகப் படித்துவிட்டுப் போகலாம். இராணுவச் செலவை ஒருவர் திசைதிருப்பிய கதையாகவும் படிக்கலாம். எப்படிப் படித்தாலும் ஒன்று கவனிக்க வேண்டியது: கதி என்ற சொல் கால்களிலிருந்து கழன்று உயிருக்குப் போய்விட்டது. உயிருக்குப் போன பிறகு அதை ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'எல்லாம் என் கதி' என்று சொல்கிற குடியானவர், தன்னை ஓட்டுவது பண்ணையாரா, வட்டிக்காரரா, வினையா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது.

3

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு குதிரைச் சொல் உண்டு. நம்மூர் பஸ் நிலையங்களுக்கு எதிரே 'கேரியர் கைடன்ஸ்' என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, அந்தக் கேரியர். வண்டிப் பாதை என்று பொருள்பட்ட லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அதற்குப் பந்தயத் தடம் என்றும், குதிரையின் முழுவேகப் பாய்ச்சல் என்றும் பொருள். நம் பேச்சில் 'நாலுகால் பாய்ச்சல்' என்கிறோமே, அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது ஒரு மனிதனின் தொழில் வாழ்க்கை, முன்னேற்றம் என்ற பொருளுக்கு நகர்கிறது.

இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் குதிரையின் ஓட்டத்தைக் குறித்தவை. இரண்டும் மனித வாழ்க்கையின் மீது ஏறி உட்கார்ந்தவை. ஆனால் கேரியரில் மனிதன் குதிரைமேல் இருக்கிறான். கதியில் மனிதனே குதிரை. ஒன்றில் வாழ்க்கை நான் ஓட்டுவது. இன்னொன்றில் என்னை ஓட்டுவது. ஆங்கிலேயர் ஊக்கமுள்ளவர்கள், தமிழர்கள் விதியை நம்பிக் கிடப்பவர்கள் என்ற பழைய காலனியப் பாட்டை நான் இங்கே பாடவில்லை. கேரியர் என்ற சொல் தொழில் முன்னேற்றமாக மாறிய அதே காலக்கட்டத்தில் அந்த முன்னேற்றத்துக்கான களங்களில் ஒன்றாக நம் ஊர்தான் இருந்தது. கம்பெனி அதிகாரியின் கேரியர் ஓடுவதற்கு இங்கே பல பேரின் கதி முடிய வேண்டியிருந்தது.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் வரலாறே இதற்குச் சாட்சி. 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய கோட்டை. திருமலை நாயக்கர் காலத்தில் வலுப்பட்டது. 1755-ல் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக அனுப்பியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு படைத்தலைவர், பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச் சாலை அமைத்து, பாளையக்காரர்களை அடக்கி, தன் அதிகாரத்தை வளர்த்துக்கொண்டது இங்கிருந்துதான். ஹைதரின் பலம் குதிரைப்படை. மைசூர்ப் போர்களில் ஆங்கிலேயரை அலைக்கழித்தது அதன் விரைவு. 1790-ல் கோட்டை கம்பெனியிடம் விழுந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முழுசாகக் கம்பெனிக்குப் போனது. கலெக்டர் வந்தார், கிஸ்தி வந்தது. எதிர்த்து நின்ற பாளையக்காரர்களின் கூட்டணியை விருப்பாட்சி கோபால நாயக்கர் கட்டினார். 1801-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஐங்கதியும் அறிந்த பாளையத்துக் குதிரைகளுக்கு அதற்கப்புறம் வேலை இல்லை. கிராமத்து எல்லையில் அய்யனாருக்கு வேளார்கள் சுட்டு வைக்கிற மண்குதிரைகளாக அவை நின்றுவிட்டன. முன்னங்கால் தூக்கி, வாய் பிளந்து, ஓடப்போகிற பாவனையில் அசையாமல் நிற்கிற குதிரைகள்.

4

இந்தக் கோட்டை வரலாற்றில் ஒரு அகதி இருக்கிறார். நாம் அவரை அப்படிச் சொல்வதில்லை.

1772-ல் காளையார்கோயில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் சேர்ந்து நடத்திய போர் அது. ராணி வேலுநாச்சியார் மகளோடும் தாண்டவராய பிள்ளையோடும் ஊரைவிட்டுத் தப்பி வந்து சேர்ந்த இடம் விருப்பாட்சி, திண்டுக்கல் பகுதி. கோபால நாயக்கரின் பாளையத்திலும் ஹைதர் அலியின் பாதுகாப்பிலும் ஏறத்தாழ எட்டு வருஷம். ஐயாயிரம் காலாட்படையும் ஐயாயிரம் குதிரைப்படையும் வேண்டுமென்று ஹைதருக்குக் கடிதம் போனதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. படை கிடைத்தது. 1780-ல் சிவகங்கை மீட்கப்பட்டது. 2008-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

போரில் வீடிழந்தவர். உயிருக்குப் பயந்து எல்லை தாண்டியவர். வேறொரு ஆட்சியின் நிலத்தில் புகலிடம் கேட்டவர். இன்றைய சட்டப் புத்தகத்தில் அகதிக்கு என்னென்ன இலக்கணம் உண்டோ அத்தனையும் வேலுநாச்சியாருக்குப் பொருந்துகிறது. ஆனால் எந்தப் பாடநூலிலும், எந்த மேடையிலும் அவரை அந்தச் சொல்லால் யாரும் குறிப்பதில்லை. 'வீரமங்கை' என்கிறோம். சரிதான். ஆனால் அந்த வீரத்துக்கு ஒரு பொருளாதார நிபந்தனை இருந்தது. திண்டுக்கல் அவருக்குக் கொடுத்தது வெறும் கூரை அல்ல, குதிரை. அதாவது கதி என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே கையிலிருந்து அவருக்குக் கிடைத்தது: புகலும் கிடைத்தது, விரைவும் கிடைத்தது. திரும்பிப் போகிற உரிமையும், அதற்கான வழியும் கிடைத்தது. புகலிடம் மட்டும் கிடைத்து, குதிரை கிடைக்காமல் போயிருந்தால் விருப்பாட்சியில் ஒரு மூலையில் படி வாங்கிச் சாப்பிட்டுச் செத்துப்போன ஒரு விதவை என்று எங்காவது ஒரு வரியில் கிடந்திருப்பார். அந்த வரிகூட மிஞ்சியிருக்காது.

ராணிக்குக் குதிரை கொடுத்த வரலாற்றில் குதிரைக்குப் புல் அறுத்தவர்கள் எங்கே என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஒரு குதிரை ஓடினால் அதற்குப் பின்னால் லாயம் கூட்டியவர், கொள்ளு வேகவைத்தவர், புல்லுக்கட்டு சுமந்தவர் என்று பல பேர் நடந்திருக்கிறார்கள். ஐங்கதி குதிரைக்கு. அவர்களுக்கு இருந்தது நடை ஒன்றுதான். அந்த நடைக்கும் தடை இருந்தது.

5

'நடை' நல்ல சொல். உரைநடை, நடத்தை, நடைமுறை, கோயில் நடை என்று அதற்கும் பல பொருள். ஆனால் ஒரு மனிதர் தெருவில் எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில் நடை என்பது அப்பாவிச் சொல் அல்ல. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்; துண்டைத் தோளிலிருந்து இறக்க வேண்டும். வட மாநிலங்களில் தலித் மாப்பிள்ளை கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறினால் கல்லெறிவதும், போலீஸ் பாதுகாப்போடு ஊர்வலம் போவதும் இன்றைக்கும் செய்தியாக வந்துகொண்டிருக்கிறது. நம் பக்கம் மாப்பிள்ளை குதிரை ஏறும் வழக்கம் பரவலாக இல்லை. அதனால் நாம் யோக்கியர்கள் என்று ஆகிவிடாது. நம்மிடம் சைக்கிள் இருந்தது. ஊர்த் தெருவுக்குள் வந்ததும் சேரிக்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தென் மாவட்டக் கிராமங்களில் தீண்டாமை ஒழிப்பு ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன.

என் அப்பா இதைச் சொல்லும்போது ஒரு விவரம் சேர்த்துச் சொல்வார்: "எறங்கி உருட்டணும்ங்கிறது மட்டும் இல்லடா. கேரியர்ல அம்மா உக்காந்திருந்தா அவளும் எறங்கி நடக்கணும்." இந்தக் கேரியர் சைக்கிளின் பின்னால் இருக்கிற கேரியர், சுமை தாங்குவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு, உச்சரிப்பு வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வேர் தேடிப் போனால் இரண்டுமே வண்டி என்ற ஒரே லத்தீன் சொல்லில்தான் முட்டுகின்றன. பாய்ந்து போகிறவனின் கேரியரும் சுமந்து போகிறவனின் கேரியரும் பங்காளிகள். பாகப்பிரிவினையில் ஒருவனுக்கு ஓட்டமும் ஒருவனுக்குச் சுமையும் போய்விட்டது. தமிழ் எழுத்து அவர்களை மறுபடி ஒரே திண்ணையில் உட்கார வைக்கிறது. என் அப்பாவுக்கு வாய்த்தது சைக்கிள் கேரியர். எனக்கு மற்ற கேரியர் வாய்க்க வேண்டும் என்றுதான் அவர் தெருமுனையில் இறங்கி உருட்டினார்.

6

மறுபடி தோட்டனூத்துக்கு வருவோம்.

1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு வந்தவர்கள், 1990-ல் போர் மறுபடி வெடித்தபோது வந்தவர்கள், 1996-க்குப் பிறகும் 2006-க்குப் பிறகும் வந்தவர்கள் என்று மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்கள் இங்கே வந்தார்கள். பல பேர் திரும்பினார்கள்; பல பேர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். மீந்தவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில். 'அகதி' என்பது தமிழுக்குப் பழைய சொல். கதியற்ற ஏழை என்று பொருள். அகதிக்கு ஆகாசமே துணை என்ற பழமொழி இவர்களுக்கு முன்பே உண்டு. ஆனால் 1983-க்குப் பிறகு அது ஒரு ஜனத்தொகையின் பெயரானது. அடையாள அட்டையின் தலைப்பானது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இந்தச் சொல்லை நீக்கியது. இனி 'அகதிகள் முகாம்' இல்லை, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 புது வீடுகள் திறக்கப்பட்டன. ஒழுகுகிற தகரக் கொட்டகையில் முப்பது வருஷம் கிடந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை என்பது சின்ன விஷயம் இல்லை. அதைக் கிண்டல் பண்ணுகிற உரிமை சொந்த வீட்டில் படுத்துத் தூங்குகிற எனக்கு இல்லை.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். சொல்லிலிருந்து 'அ' போய்விட்டது. கதி வந்துவிட்டதா? 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே டெல்லியின் சட்டப்படி இவர்கள் முன்பும் அகதிகள் இல்லை, அயலார். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் என்பது சட்டம். அதை வைத்து, 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர்நீதிமன்றம் வரை போய்க் கடவுச்சீட்டு வாங்கி 2024 தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அந்தத் தேதிக்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வழியும் அடைப்பு. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பொறியியல் பட்டம் வாங்கின பையன் அரசு வேலைக்கு மனுப்போட முடியாமல் பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறான். கணக்கெடுக்கிற நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவனுக்குக் 'கேரியர் கைடன்ஸ்' யார் கொடுப்பது?

இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு இதே சீமை, ஊரிழந்து வந்த ஒருவருக்குக் கூரையோடு குதிரையும் கொடுத்தது. கொடுத்த ஹைதருக்கு அரசியல் கணக்கு இருந்தது, மறுக்கவில்லை. கேட்டவர் ராணி, அதையும் மறுக்கவில்லை. இன்றைக்குக் குதிரை என்பது படை அல்ல. குடியுரிமை, கடவுச்சீட்டு, வேலை. திரும்பிப் போகிறேன் என்றால் போவதற்கும், இங்கேயே இருக்கிறேன் என்றால் இருப்பதற்கும் உள்ள உரிமை. இது இல்லாமல் கொடுக்கிற வீடு லாயம்தான். லாயம் சுத்தமாக இருக்கலாம். கொள்ளும் நேரத்துக்குக் கிடைக்கலாம். குதிரைக்கு மட்டும் வெளியே போக அனுமதி இல்லை.

அன்றைக்கு வகுப்பு முடிந்து கிளம்பும்போது அந்தப் பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, உங்க பேரப்பிள்ளைகள் வீட்டில் 'கெதி' என்று சொல்கிறார்களா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் சொன்னா விளங்கும். அதுகள் சொல்லாதுகள். அதுகளுக்கு இப்ப 'சீக்கிரம்'தான்."

பிறகு, நான் கேட்காமலே சேர்த்துக்கொண்டார்: "கெதி எண்டு சொன்னா இங்க வேற மாதிரி எல்லோ நினைக்கினம்."